ஸ்கேலிங், ஆழச் சுத்தம், ஈறு அறுவை: உங்கள் ஈறுக்கு எது போதும்?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று மருத்துவரிடம் போகிறீர்கள். ஒருவர் ஸ்கேலிங் போதும் என்கிறார். இன்னொருவர் ஈறைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும் என்கிறார். மூன்றாவது இடத்தில், லேசரில் வலியே இல்லாமல் முடித்துவிடலாம் என்று ஒரு விளம்பரத் தாளை நீட்டுகிறார்கள். இது போதாதென்று வீட்டில் ஒருவர், "உப்புத் தண்ணியில கொப்பளிச்சாலே சரியாயிடும்" என்பார்.

யார் பேச்சைக் கேட்பது? ஈறு சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முடிவு செய்வது மில்லிமீட்டரில் சொல்லப்படும் ஓர் எண். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அந்த எண் எது?

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்குமே ஒரு சிறு இடுக்கு உண்டு. மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட, நுனி மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை அந்த இடுக்கில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார். இதற்குப் புரோப் என்று பெயர். ஒவ்வொரு பல்லையும் சுற்றி வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என ஆறு இடங்களில் ஆழம் பார்த்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போவார். "மூணு, ரெண்டு, மூணு" என்று போய்க்கொண்டிருந்தால் நிம்மதி. "அஞ்சு, நாலு, ஆறு, ரத்தம் வருது" என்று கேட்டால் அந்தப் பல்லைப் பற்றி விவரமாகக் கேளுங்கள்.

1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4-ஐத் தொட்டு, கம்பி பட்டதும் ரத்தம் கசிந்தால் அங்கே பை, அதாவது ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமாகிப்போன இடுக்கு, உருவாகியிருக்கலாம். 6-ம் அதற்கு மேலும் ஆழமான பை. கூடவே எக்ஸ்ரே எடுத்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது தெரியும். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு "அறுவை பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், அளவெடுத்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டையே இல்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

எலும்பு கரையாதவரை அது ஈறு அழற்சி மட்டும்தான், முழுவதும் மீளக்கூடியது. 1965-இல் டென்மார்க்கில் ஹாரல்ட் லோவும் உடனிருந்த ஆய்வாளர்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழைய நிலை திரும்பியது. மருந்து, மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை.

எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கதை வேறு. மண் அரித்துப்போன வேலிக்கால் போலப் பல் நிற்கும். அரிப்பை நிறுத்தலாம், போன எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பாது. இந்த நிலைக்குப் பெரியோடான்டைட்டிஸ் என்று பெயர்.

எல்லோருக்கும் இது ஒரே வேகத்தில் போவதில்லை என்பதும் ஒப்பீட்டில் முக்கியம். அதே லோ குழு 1970-இல் தொடங்கி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 15 ஆண்டுகள் கவனித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள் அவர்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாகப் பரவியது, 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. ஆகவே, "எங்க மாமா பல்லே விளக்கமாட்டார், எழுபது வயசுல எல்லாப் பல்லும் இருக்கு" என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர் அந்த 11-இல் ஒருவர். நீங்கள் எந்தக் கூட்டம் என்பது முன்கூட்டித் தெரியாது.

வீட்டுச் சுத்தம் மட்டும் போதுமா?

இடுக்குகள் எல்லாம் 3-க்குள், காரையும் (பல்லில் கெட்டிப்பட்ட படிவு) இல்லை, ரத்தம் மட்டும் வருகிறது என்றால் போதும். ரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அங்கேதான் பிரஷ் அதிகம் போகவேண்டும். மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்துத் துலக்கிவந்தால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் காரை இருக்கிறது, அல்லது பை இருக்கிறது, அல்லது காரணமே வேறு.

பல்லில் படியும் கிருமிப் படலத்தை, அதாவது பிளாக்கை, பிரஷ் எடுத்துவிடும். அது எச்சிலின் கால்சியத்தோடு சேர்ந்து சில நாட்களில் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் எந்தப் பிரஷும், பேஸ்ட்டும், பொடியும் எடுக்காது. ஊசியாலோ கத்தி முனையாலோ நீங்களே சுரண்டும் வேலை வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். அவ்வளவுதான், படலத்தையோ காரையையோ அது எடுக்காது.

ஸ்கேலிங்

ஈறுக்கு மேலேயும் ஈறின் ஓரத்திலும் உள்ள காரையை, அதிரும் முனையாலோ கைக்கருவியாலோ எடுப்பது. காரை இருக்கிறது, பை இல்லை என்றால் இதுதான் சரியான தேர்வு. மரத்துப்போக ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், பல்லுக்கு நடுவே சந்து விழும் என்ற பயம் எங்கும் உண்டு. சந்து ஏற்கெனவே இருந்ததுதான். காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மூடிக்கொண்டிருந்தது. காரை போய், வீக்கம் வடிந்ததும் வெளியே தெரிகிறது. திறந்த வேரில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நாட்கள் கூசும். கூச்சத்துக்கான பேஸ்ட் பெரும்பாலும் போதும்.

அதே நேரம், ஈறு நன்றாக உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் ஸ்கேலிங் செய்தே ஆகவேண்டும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. கடுமையான ஈறு நோய் இல்லாத, தவறாமல் பரிசோதனைக்குப் போகும் பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2018-இல் தொகுத்துப் பார்த்தது. குறித்த கால இடைவெளியில் ஸ்கேலிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு அழற்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். ஸ்கேலிங் தேவையா என்பதை அங்கே பார்த்து முடிவு செய்யலாம்.

ஆழச் சுத்தம்

பை உள்ள பெரும்பாலோருக்குச் சரியான தொடக்கம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். மருத்துவமனைகளில் டீப் கிளீனிங் என்றோ ரூட் பிளேனிங் என்றோ சொல்வார்கள். ஊசி போட்டு மரக்கவைத்து, ஈறுக்கு அடியில் பையின் ஆழம்வரை கருவியை இறக்கி, வேரில் ஒட்டிய காரையையும் கிருமிப் படலத்தையும் எடுப்பார்கள். ஈறை வெட்டுவதில்லை, தையல் இல்லை. அன்றே வேலைக்குப் போய்விடலாம். ஒரு நாளைக்கு வாயின் கால் பகுதி என நாலு முறை செய்வதும் உண்டு, ஓரிரு நாளில் மொத்தமாக முடிப்பதும் உண்டு. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கைக்கருவியா, அதிரும் கருவியா என்பதும் அப்படியே. உங்கள் வசதியையும் மருத்துவரின் பழக்கத்தையும் வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

என்ன எதிர்பார்க்கலாம்? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு முதல் எட்டு மாதத்தில் 4-6 மில்லிமீட்டர்ப் பைகள் சராசரியாக 1.5 மில்லிமீட்டரும், அதைவிட ஆழமானவை சராசரியாக 2.6 மில்லிமீட்டரும் குறைந்திருக்கின்றன. 5 இருந்த இடம் 3.5 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. 8 இருந்த இடம் 5.5-க்கு வந்தால் பாதி வழி. பை எப்படிச் சுருங்குகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீங்கிய ஈறு வடிந்து கீழே இறங்குவது ஒரு பங்கு, உள்ளே ஈறு மறுபடி வேரோடு இறுக்கமாகப் படிவது ஒரு பங்கு. ஆகவே பல் கொஞ்சம் நீளமாகத் தெரியும். முன்பல் என்றால் சிலருக்கு இது மன உளைச்சல் தரும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதன் பலவீனம், மருத்துவர் வேரைக் கண்ணால் பார்க்காமல் கைத்தடவலில் வேலை செய்கிறார் என்பது. பை ஆழமாக ஆகக் காரை தங்கிப்போகும் வாய்ப்பு கூடும். கடைவாய்ப் பல்லில் இரண்டு மூன்று வேர்கள் பிரியும் கவட்டுக்குள் நோய் புகுந்துவிட்டால் கருவி சரியாகப் போய்ச் சேராது. ஆழச் சுத்தம் முடிந்து 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளவெடுக்க வேண்டும். அந்த இரண்டாவது அளவுதான் அடுத்த முடிவைச் சொல்லும். அந்த அளவை எடுக்காமலே "பணம் கட்டினோம், சுத்தம் பண்ணினாங்க" என்று நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஈறு அறுவை

ஃப்ளாப் சர்ஜரி என்பார்கள். ஈறை வெட்டி விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தைத்து மூடுவது. சில நாள் வீக்கம், வலி, அந்தப் பக்கம் மெல்ல முடியாமை எல்லாம் உண்டு. ஈறு இன்னும் இறங்கும், கூச்சம் வரும், முன்பல்லில் கருப்பு முக்கோணச் சந்து தெரியலாம்.

இதற்குப் பிரதிபலன் உண்டா என்றால், ஆழத்தைப் பொறுத்தது. சுமார் 5.4 மில்லிமீட்டருக்கு மேலுள்ள பைகளில்தான், ஈறு வேரோடு ஒட்டும் அளவில் அறுவை ஆழச் சுத்தத்தை முந்துகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைவிட ஆழம் குறைந்த இடங்களில் வெட்டினால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட நெறிமுறையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஆழச் சுத்தத்துக்குப் பிறகும் 4-5 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் மறுபடி சுத்தம், 6-ம் அதற்கு மேலும் நின்றால் அறுவை.

ஆகவே முதல் நாளே அறுவைக்குத் தேதி குறிப்பதை நான் ஏற்கமாட்டேன், 8 மில்லிமீட்டர் இருந்தாலும்கூட. முதலில் ஆழச் சுத்தம் முடியட்டும். முப்பது இடத்தில் பை இருந்தவருக்கு ஐந்தாறு இடம் மட்டும் மிஞ்சக்கூடும். அந்த ஐந்தாறு இடத்தில் மட்டும் ஈறைத் திறந்தால் போதும்.

"எலும்பு வைத்துக் கட்டலாம்" என்று சொன்னால், கரைந்திருப்பது எந்த வடிவத்தில் என்று கேளுங்கள். ஒரு பல்லை ஒட்டிச் செங்குத்தாக, 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குழிபோல் கரைந்திருந்தால், எலும்புத் துகளோ சவ்வோ வைத்து ஓரளவு வளர்த்தெடுக்கலாம். பலன் உள்ள சிகிச்சைதான். வரிசை முழுக்கச் சமமாக, கிடைமட்டத்தில் இறங்கியிருந்தால் துகள் தங்குவதற்குச் சுவரே இல்லை. அங்கே அந்தச் செலவு வீண்.

லேசர், மாத்திரை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆழச் சுத்தத்தோடு லேசரையும் சேர்ப்பதை அதே ஐரோப்பிய நெறிமுறை பரிந்துரைக்கவில்லை. சேர்ப்பதால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை. நல்ல மருத்துவர் லேசரும் வைத்திருக்கலாம், அதில் தப்பில்லை. லேசருக்காகவே இரண்டு பங்கு பணம் கொடுப்பதாக இருந்தால் அது உங்கள் விருப்பம்.

ஆன்டிபயாடிக்கை மட்டும் விழுங்கி ஈறு நோயைத் தீர்க்க முடியாது. கிருமிகள் படலத்துக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து உள்ளே எட்டாது. இளம் வயதிலேயே வேகமாகப் பரவும் சிலருக்கு ஆழச் சுத்தத்தோடு சேர்த்து அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் கொடுப்பது உண்டு. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பது சரியில்லை. சீழ் கட்டி, முகம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது அவசரம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைக்கலாமா?

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல். கேட்பதற்கு நேர்வழிபோல இருக்கும். அவசரப்பட வேண்டாம். வீக்கம் வடிந்ததும் ஆடிய பல் ஓரளவு இறுகுவது சகஜம். பாதி எலும்பு போன பல்கூட நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இம்பிளான்டைச் சுற்றியும் இதே மாதிரி ஈறு நோய் வரும், எலும்பு கரையும். ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். இம்பிளான்டைச் சுற்றி வந்தால் சிகிச்சையும் கடினம். எலும்பு வேர்நுனிவரை போய்விட்டது, பல் மேலும் கீழுமாகவே அமுங்குகிறது, அல்லது வேர் விண்டிருக்கிறது என்றால் பிடுங்குவதுதான் வழி. அப்போதும் மற்ற பற்களைச் சுற்றியுள்ள நோயை அடக்கிய பிறகே இம்பிளான்ட்.

வீட்டில் எதை வாங்குவது?

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பகுதி மாறாது.

கைப் பிரஷ்ஷா, மின்சாரப் பிரஷ்ஷா? 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் மின்சாரப் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பிளாக் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் கூடுதலாகக் குறைந்திருந்தது. கை நடுக்கம், மூட்டு வலி உள்ளவர்களும், பரபரவென்று துலக்கிவிட்டு ஓடுகிறவர்களும் வாங்கலாம். நிதானமாகத் துலக்கத் தெரிந்தவருக்குக் கைப் பிரஷ்ஷே போதும்.

பணத்தை நான் போடச் சொல்வது பல் இடுக்குக்கு. ஈறு நோய் பெரும்பாலும் பல்லும் பல்லும் சேரும் இடத்தில்தான் தொடங்கும், அங்கே எந்தப் பிரஷ்ஷும் போகாது. இடுக்கு இறுக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல். ஈறு இறங்கிச் சந்து விழுந்திருந்தால் இன்டர்டென்டல் பிரஷ், அதாவது நடுவில் மெல்லிய கம்பியும் சுற்றிலும் மயிரிழைகளும் உள்ள குட்டி பிரஷ். சந்து இருக்கிற இடத்தில் நூலைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். 2019 காக்ரேன் தொகுப்பும் அந்தப் பக்கமே சாய்கிறது, ஆதாரத்தின் உறுதி குறைவு என்ற குறிப்போடு. வேரின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும். நூல் அதன் மேலே பாலம் போட்டதுபோல் தாண்டிவிடும். மயிரிழை உள்ளே இறங்கும்.

அளவுதான் எல்லோரும் சொதப்புகிற இடம். இழைகள் இரண்டு பக்கமும் உரச வேண்டும், நடுக்கம்பி பல்லில் இடிக்கக்கூடாது, தள்ளி நுழைக்கும்படியும் இருக்கக்கூடாது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது வழக்கம். கடைவாய்க்குப் பெரியது, முன்பல்லுக்குச் சிறியது. முதல் வாரம் ரத்தம் வரும். விடாமல் செய்தால் குறையும். தண்ணீர் பீய்ச்சும் கருவி, பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும், இழந்த பல்லுக்குப் பிரிட்ஜ் கட்டியவர்களுக்கும் உதவி. ஒட்டிய படலத்துக்கு உரசல் வேண்டும் என்பதால் அதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக வேண்டாம்.

மவுத்வாஷில் குளோர்ஹெக்சிடின் வலுவானது. ஆனால் நெடுநாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும், காரையும் கூடும். அறுவைக்குப் பிறகு துலக்க முடியாத ஓரிரு வாரங்களுக்கு நல்லது. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். எந்த மவுத்வாஷும் ஆழமான பைக்குள் இறங்காது.

அந்தக் கணக்கையே மாற்றும் சில விஷயங்கள்

புகை பிடிப்பவர்களுக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதால் ஈறில் ரத்தம் அதிகம் வராது. "எனக்கு ரத்தமே வராது டாக்டர்" என்பவரின் எக்ஸ்ரேயில் பாதி எலும்பு காணாமல் போயிருக்கும். எந்தச் சிகிச்சையிலும் அவர்களுக்குக் கிடைக்கும் பலன் குறைவு. ஆழச் சுத்தமா அறுவையா என்று யோசிப்பதற்கு முன்னால் புகையை விடுவதுதான் அவர்களுக்கான சிகிச்சை.

சர்க்கரை நோய் இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் ஈறு கெடும். ஈறைச் சரிசெய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி கொஞ்சம் இறங்கும். 2022 காக்ரேன் தொகுப்பில், மூன்று நான்கு மாதத்தில் சராசரி இறக்கம் 0.43 புள்ளி. ஒரு கூடுதல் மாத்திரை செய்யும் வேலைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை ஈறைத் தடிக்கவைக்கக்கூடும். மருந்தை நீங்களே நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் ஈறு சட்டென வீங்குவது உண்டு. அப்போதும் சுத்தம் செய்துகொள்ளலாம். ஈறில் ரத்தத்தோடு உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன திட்டுகளும் இருந்தால் பல் மருத்துவரைத் தாண்டிப் பொது மருத்துவரையும் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

சிகிச்சைக்கு அப்புறம்

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும், அறுவையா தொடர் பராமரிப்பா என்று கேட்டால், நான் பராமரிப்பையே சொல்வேன். 1977-இல் சுவீடனில் வெளியான ஆய்வு ஒன்றில், ஈறு அறுவை செய்துகொண்டு அதற்குப் பிறகு பிளாக்கைக் கட்டுப்படுத்தாமல் இருந்தவர்களைக் கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பைகள் திரும்பிவந்தன; ஈறின் பிடிப்பு முன்பைவிட மோசமானது. எந்த வகை அறுவையாக இருந்தாலும் இதே முடிவுதான் வந்தது.

எலும்பு இழந்தவர்கள் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், அளவெடுத்துச் சுத்தம் செய்துகொள்வது நல்லது. எண்கள் நின்ற இடத்தில் நின்று, ரத்தக் கசிவும் குறைந்தால் இடைவெளியை ஆறு மாதமாக நீட்டலாம். மிக நிலையாக உள்ளவர்களுக்கு ஒரு வருடம்வரைகூடப் போகலாம். ஒவ்வொரு முறையும் பழைய அட்டையைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் 4 என்பது 6 ஆகியிருந்தால், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் மறுபடி ஆழச் சுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.